செவலைக்காகச் சிகரம் ஏறியவள்

தெகே சோக்கு சிகரத்தில் நான் கால் வைக்காத கல் கிடையாது. விடிந்ததும் பால் வாளியோடு ஏறி, உச்சிப் பனியில் பாலைக் குளிரவைத்து, மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கி வந்து பரிமாறியிருக்கிறேன். இதில் பாதி பொய். மிச்சத்தையும் பாதியாக்கினால், மலையின் இடுப்புவரை குதிரையில் போய் மூச்சு வாங்கித் திரும்பினேன் என்று வரும். ஒரே பகலில் அந்தச் சிகரத்தை நடந்தே ஏறியவள் எங்கள் மேய்ச்சல் வெளியில் ஒருத்திதான் உண்டு. என் பக்கத்துக் கூடாரத்துப் புர்மாகான். கோபம்தான் அவளை ஏற்றியது.

புர்மாகான் கட்டை குட்டையானவள், அதிகம் பேசமாட்டாள். பேச்சையெல்லாம் குதிரைகளுக்கென்று வைத்திருந்தாள். பால் கறக்கும்போது ஒவ்வொன்றையும் குலம் கோத்திரத்தோடு திட்டுவாள். அவையும் காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கும். கல்யாணமாகி வந்தபோது தாய் கொடுத்த செவலைப் பெண்குதிரையைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆற்றுக்குப் போனால் கயிறில்லாமல் அது அவள் பின்னாலேயே போகும். பிறந்த வீட்டிலிருந்து பெண் கொண்டுவரும் விலங்கு அவளுக்கே சொந்தம். புருஷன்கூடக் கேட்டுவிட்டுத்தான் சேணம் போட வேண்டும்.

அன்று காலை கம்பளி அலசிவிட்டு வந்தவள் முளைக்குச்சி காலியாக இருப்பதைப் பார்த்தாள். கல்மாத், அவள் புருஷன், சேணத்து வார் தைத்துக்கொண்டிருந்தான்.

"செவலை எங்க?"

"அண்ணன் கேட்டாரு."

"கேட்டாரா, கொண்டுபோயிட்டாரா?"

கல்மாத் ஊசியில் நூல் கோத்தான். "பையனோட பரிசத்துக்கு ஒரு குதிரை குறையுதாம். சபையில வாக்குக் குடுத்துட்டாராம். செவலையும் இந்த வருஷம் ஈனலயே."

"நானுந்தான் இந்த வருஷம் ஈனல. என்னையும் சேத்து ஓட்டிட்டுப் போகச் சொல்லு."

சபையில் வாக்குக் கொடுத்தவர் அவன் அண்ணன் ஷாத்மான். வாக்கு அவருடையது, குதிரை இவளுடையது. தன் மீசையைக் காப்பாற்ற அடுத்தவள் சீரை அவிழ்த்துக்கொண்டு போவதற்குப் பெயர் பெருந்தன்மையாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கணவாயைத் தாண்டிச் சம்பந்தி வீட்டு முளையில் கட்டிவிட்டால் அவ்வளவுதான். பரிசமாகப் போனதைத் திருப்பிக் கேட்டால் கல்யாணமே முறிந்துவிடும்.

மற்ற குதிரைகள் மேல்வெளிக்குப் போயிருந்தன. குதிரைப்பாதை மலையை வளைத்துக்கொண்டு கணவாய்க்குப் போகும். நேராகச் சிகரம் ஏறினால் கணவாயின் தலைக்கு மேலே போய் நிற்கலாம். புர்மாகான் முந்தானைத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

கோபத்தில் போகிறவளையும் எங்கள் ஊர் வழக்கம் விடாது. கூடார வாசலைக் கடக்கிறவள் வாய் நனைக்காமல் போகக்கூடாது. ஊல்ஜான் அக்கா கிண்ணத்தோடு வழியை மறித்துவிட்டாள்.

"குடிக்காமப் போனா என் கிமிஸ் கெட்டுப்போச்சுன்னு ஊரே சொல்லும். யாரைடி இப்படித் துரத்துறே?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன."

"அவனுக்கு நாலு அண்ணன். பேரச் சொல்லு."

"புருஷனுக்கு மூத்தவரு பேர நான் சொல்லலாமா அக்கா?"

"சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதானே கேக்குறேன்."

"மூக்குக் கோணினவரு."

"ஓ, அவனா. செவலைய இழுத்துக்கிட்டுப் போனான். அது வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சுது. இந்தா, இன்னொரு கிண்ணம்."

இப்படி வழிநெடுகக் கூடாரங்கள். கிமிஸ், அந்தப் புளித்த குதிரைப்பால், தலைக்கேறி, கோபம் அதற்கும் மேலே ஏறிவிட்டது. புல்வெளி முடியும் இடத்தில் மர்மோட்டுகள் என்ற பெரிய மலை அணில்கள் வளைவாசலில் நின்று சீழ்க்கை அடித்தன, அவற்றையும் திட்டினாள். அப்புறம் சரளைச் சரிவு. ஓரடி வைத்தால் அரையடி கீழே வழுக்கியது. கைகளையும் ஊன்றி ஏறினாள். ஒவ்வொரு கல்லைப் பிடிக்கும்போதும் கல்மாத்தின் குடுமியைப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டாளாம், அவளே சொன்னாள். பனித்திட்டில் ஒரு செருப்பு புதைந்துபோனது. திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் துணி கட்டிய கல்மேடு இருக்கிறது. எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்கள். அவள் அதில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே பார்த்தாள். தன் குதிரைமேல் கணவாய் விளிம்பை நெருங்கிவிட்டார் ஷாத்மான். பின்னால் கயிற்றில் செவலை.

"மேல் கூடாரத்துக்காரரே."

அவர் திரும்பவில்லை.

"மூக்குக் கோணினவரே. பெரியவரே."

காற்று எல்லாவற்றையும் வேறு பக்கம் கொண்டுபோனது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் அவர் விளிம்புக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடுவார். மணமாகி வந்த நாளிலிருந்து அவள் நாக்கு தொடாத பெயர் அது. தொட்டாள்.

"ஷாத்மான். நில்லுடா."

மலை அந்தப் பெயரை நாலு தடவை திருப்பிச் சொன்னது. தம்பி பெண்டாட்டி வாயில் தன் பெயரைக் கேட்டதும் ஷாத்மான் கல்லாகிப் போனார். அவமானத்தில் தலை தொங்க, குதிரையைத் திருப்பிக்கொண்டு மேலே வந்து, கயிற்றை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒற்றைச் செருப்போடு செவலைமேல் ஏறி வீடு வந்து, தைத்துக்கொண்டிருந்த கல்மாத்தைக் கடந்து போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள்.

இதுவரை எழுதியதை நேற்று என் கூடாரத்தில் உரக்கப் படித்தேன். எதிரே ஷாத்மான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"நில்லுடான்னா சொன்னா?" என்றார். "அத இப்பத்தான் கேக்குறேன், டீச்சரம்மா. அந்தக் காத்துல என் பேரும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. செவலைக்குத்தான் அவ குரல் கேட்டுது. அது பாட்டுக்குத் திரும்பி மேல ஓடிச்சு. கயித்த நான் மணிக்கட்டுல சுத்தி வச்சிருந்தேன். நான் எங்க தலை குனிஞ்சு வந்தேன்? சேணத்துலேர்ந்து விழுந்து, சரளையில மல்லாக்க இழுபட்டுல்ல வந்தேன்."