அனுராதபுரத்தில் கட்டாத தொட்டில்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரில் என்னை மட்டும் இலங்கைக்கு அழைத்துப் போவதாகப் பெரியம்மா சொன்னபோது, அதற்குக் காரணம் என் அழகும் அறிவும்தான் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்பில் வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை. விமானம், பாழடைந்த ராஜாக்களின் ஊர், புத்தர் கோயில், காட்டு யானை என்று பெரியப்பா அடுக்க அடுக்க, அக்காவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

உண்மைக் காரணத்தை அந்த அக்காதான், கல்லூரிக் காலத்துச் சண்டை ஒன்றில், கோபத்தில் போட்டு உடைத்தாள். பெரியம்மா அம்மாவின் கூடப் பிறந்தவள். அடையாறில் பெரிய ஃபிளாட், கார், எல்லாம் உண்டு, குழந்தைதான் இல்லை. மந்தைவெளியில் மாடிப் போர்ஷன் ஒன்றில் நாங்கள் ஐந்து பேர். என்னை அவர்களுக்குத் தத்துக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். அக்கா விவரம் தெரிந்தவள், அழுது ஊரைக் கூட்டுவாள். தம்பி ஆண்பிள்ளை, கொடுக்க மனசு வராது. மிச்சம் நான். ஊர் சுற்றிப் பார்ப்பது என்பது நான் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறேனா என்று பார்க்கும் ஒத்திகை. திரும்பி வந்ததும் நேராக அடையாறு. என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

கிளம்புவதற்கு முன் கபாலி கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை. குருக்கள் கேட்கக் கேட்கப் பெரியம்மா என் பெயரைச் சொன்னாள், நட்சத்திரத்தைச் சொன்னாள்; கோத்திரத்தை மட்டும் பெரியப்பாவுடையதைச் சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் நான் விடுவேனா? “அது எங்க கோத்திரம் இல்லே, பெரியம்மா!” என்று சன்னதியே திரும்பிப் பார்க்கும்படி திருத்தினேன். குருக்கள் தட்டும் கையுமாக நின்றார். பக்கத்திலிருந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, “அவா சொல்றதையே சொல்லுங்கோ, மாமா” என்றாள். என் அம்மாவுக்குச் சொந்தக் கோத்திரம்கூட மறந்துவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே மாட வீதிக் கடையில் பெரியம்மா உள்ளங்கை அளவில் ஒரு மரத்தொட்டில் வாங்கிப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த தெருவில் ஒரு ராத்திரி தங்கக்கூட என்னை விடாத அம்மா, விமானம் ஏற்றிவிட ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. கிளம்பிய அன்று என் தலையைப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அப்பா ஆபீஸ் வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டார்.

அனுராதபுரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கூரையில்லாமல் கல்தூண்கள் வரிசையாக நின்றன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கு இதைவிட உயரமாகத் தூண்கள் இருக்கின்றன என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைப் புத்தர் சிலைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கப் பார்த்தார். புத்தருக்கு முதுகைக் காட்டி நிற்கக்கூடாது என்று காவலாளி வந்து விரட்டினார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாமியிடம் மரியாதை தெரியவில்லை என்று ஒரு காவலாளி சொல்லும்படி ஆகிவிட்டதில் பெரியம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு அந்த அரசமரம். புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் கிளையிலிருந்து வந்தது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது என்று வேன் ஓட்டிய அண்ணன் சொன்னார். கண்டிப் பக்கத்துத் தமிழர் அவர். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நம் ஊரில் ஒரு கேலி உண்டு. பெரியம்மா சென்னையில் சுற்றாத அரசமரம் பாக்கியில்லை. இங்கே மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலி நெடுக யார் யாரோ வேண்டிக்கொண்டு கட்டிய துணிகள். பெரியம்மா கைப்பையிலிருந்து அந்தத் தொட்டிலை எடுத்தாள்.

“குழந்தையைத்தான் அழைச்சுண்டு வந்தாச்சே, இன்னும் இதை எதுக்குக் கட்டறே?” என்றார் பெரியப்பா.

குழந்தையோடு வந்தால் தொட்டில் கட்டக்கூடாது என்று இந்தக் கோயிலில் ஒரு சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் தொட்டிலை என் கையில் கொடுத்து, “நீயே வெச்சுக்கோ” என்றாள். நான் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அந்தத் தொட்டிலுக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மின்னேரியா ஏரிக்கரையில் ஜீப்பில் நின்றபடி யானைக்கூட்டம் பார்த்தோம். பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. எது அதன் அம்மா என்று கேட்டேன். “எல்லாம்தான் பாத்துக்கும் பாப்பா. சித்தி, பெரியம்மான்னு எல்லாம் சேந்துதான் வளக்கும்” என்றார் எங்களோடு ஜீப்பில் வந்திருந்த வேன் அண்ணன்.

பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். “கேட்டியாடி?”

கேட்டேன் என்றேன். அந்த நேரம் பார்த்துக் குட்டி எதற்கோ மிரண்டு ஓடிப்போய் ஒரு யானையின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. “அதான் அம்மா! கண்டுபிடிச்சுட்டேன்!” என்று நான் குதித்த குதியில் ஜீப்பே ஆடியது. பெரியம்மாவின் பிடி விட்டுப்போனதும் வசதியாகப் போயிற்று. இரண்டு கையாலும் தட்ட முடிந்தது.

அன்று சாயங்காலம் ஓட்டல் கட்டிலில் என் சொத்தையெல்லாம் பரப்பினேன். அரசிலைகள், விமானத்து மிட்டாய், சர்க்கரைப் பொட்டலங்கள், குளியலறையில் வைத்திருந்த குட்டி சோப்பு, தொட்டில். என்ன பண்றே என்றாள் பெரியம்மா. பங்கு போடுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் எது வந்தாலும் கொண்டுவந்தவர் பங்கு பிரிக்கவேண்டும், மற்றவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம்தான் பிரித்தவருக்கு. அதனால் எங்கள் மூவரைப்போல் லட்டைச் சரிசமமாகப் பிட்கத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ மட்டும் தனியா ஒரு ஆத்துல இருந்தேன்னு வெச்சுக்கோ. பங்கே போடவேண்டாம். எல்லாம் உனக்கே.”

நன்றாக யோசித்துப் பார்த்தேன். “அப்போ யார் முதல்ல எடுத்துப்பா?” என்று கேட்டேன்.

பெரியம்மா சிரித்தாள். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். “வேண்டாம், கொண்டு விட்டுடலாம்” என்று அவள் சொல்வதும், பெரியப்பா ஏதோ கோபமாகக் கேட்பதும் காதில் விழுந்தன. மறுநாள் போகவிருந்த சிகிரியாவைத்தான் வேண்டாம் என்கிறாள் என்று பயந்துபோனேன். ஆனால் சிகிரியாவுக்குப் போனோம், மலையும் ஏறினோம். ஆகவே அதை மறந்துவிட்டேன்.

மந்தைவெளிக்கு வந்து சேர்ந்தபோது அலமாரியில் என் தட்டு காலியாக இருந்தது. பாவாடை, யூனிஃபார்ம், புத்தகங்கள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடுக்கப்பட்டு வாசலருகே இருந்தன. காலித் தட்டில் அக்கா தன் சாமான்களை அடுக்க ஆரம்பித்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. வாசலில் பெரியம்மா, “இந்தாடி, உன் பொண்ணு” என்றாள். அம்மா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினாள். அதையெல்லாம் நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. என் தட்டை மீட்கவேண்டியிருந்தது.

சண்டை ஓய்ந்தபின் பங்கு பிரித்தேன். அக்காவும் தம்பியும் இலையையும் மிட்டாயையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டார்கள். பொம்மைத் தொட்டிலும் ஓட்டல் சோப்பும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாவுக்குப் பங்கு வைக்கவில்லையே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. காப்பிகூடக் குடிக்காமல் கீழே இறங்கிப் போயிருந்தாள். சோப்பைத் தொட்டிலில் படுக்கவைத்து, என் கைக்குட்டையைப் போர்த்தி, படியில் ஓடி, காரில் ஏறியிருந்தவளின் மடியில் ஜன்னல் வழியாக வைத்தேன்.

“இது உங்க பங்கு, பெரியம்மா.”

பெரியம்மா தொட்டிலைப் பார்த்தாள். கைக்குட்டையை விலக்கினாள், திரும்பப் போர்த்தினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பெரியப்பா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார். இவ்வளவு சின்னதாகக் கொடுத்தால் யாருக்குத்தான் அழுகை வராது என்று எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

“அழாதேங்கோ. அடுத்த தடவை பெரிசாக் கொண்டு வந்து தரேன்” என்றேன்.