தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

கஸ்தூரிக்கு ஊரில் பாதிப் பேரின் வயது தெரியும். தன் வயதை மட்டும் சொல்லமாட்டாள். பதினேழு வருஷமாகத் தாலுகா ஆபீஸில் பிறப்புப் பதிவேடுகளோடுதான் குடித்தனம். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் கேட்ட ஒரு வரியைத் தேடித் தருவது அவள் வேலை. பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் சிரிப்பாள். பிறப்பை எழுதும் நாளில் எந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்? ஊர், வருஷம், அப்பா, அம்மா சரியாக இருந்தால் வரி தானாக வந்து நிற்கும்.

1984இல் ஒரு வெள்ளிக்கிழமை, அடி அண்ணாமலை கிராமத்து ஆராயிக்கு மட்டும் அது வந்து நிற்கவில்லை. அவள் மகள் வள்ளிக்கு நர்ஸ் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பிறப்புச் சான்றிதழோடு போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"அறுபத்தாறு, தீபத்தன்னைக்குப் பொறந்தா. அப்பா சின்னசாமி, அம்மா நானு," என்றாள் ஆராயி.

அந்தக் கார்த்திகையைக் கஸ்தூரி மூன்று முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டாள். சின்னசாமியும் இல்லை, ஆராயியும் இல்லை. 'பதிவு இல்லை' என்று எழுதிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். மனசு வரவில்லை. தேடுவதில் கோளாறில்லை, கேட்டதில்தான் ஏதோ கோளாறு என்று பட்டது.

"இவளுக்கு முன்னாடி பிள்ளைங்க உண்டாம்மா?"

"ரெண்டு. ரெண்டும் தங்கல. அதான் இவ பொறந்ததும் பக்கத்து வூட்டு ஜோதியம்மாளுக்குக் குடுத்துட்டு, ஒரு மொறம் தவிடு குடுத்துத் திரும்ப வாங்கிக்கினோம்."

"பொறந்ததை யாரு போய் எழுதுனது?"

"அவங்கதான். தன் புள்ளைனே சொல்லச் சொன்னோம். எமனுக்குத் தெரியக் கூடாதில்ல."

கஸ்தூரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். எமனை ஏமாற்றப் போய்ச் சர்க்காரையும் ஏமாற்றிவிட்டார்கள். மறுபடி அதே பக்கத்தைத் திறந்தாள். மூன்று முறை தாண்டிப் போன வரி அங்கேயே இருந்தது: பெண், தகப்பன் ஆதிமூலம், தாய் ஜோதியம்மாள். வரி கிடைத்தும் பயனில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கான சான்றிதழை வைத்துக்கொண்டு வள்ளி என்ன செய்வாள்?

அப்போதுதான் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் எறும்பு போன்ற பொடி எழுத்தைக் கவனித்தாள். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்த ஊர் மணியக்காரர், தன்னிடம் சொன்ன பொய்யையும் எழுதியிருந்தார், தெரிந்த உண்மையையும் விடவில்லை. 'பெற்றவள் ஆராயி, கணவர் சின்னசாமி. தவிட்டுக்குக் கொடுத்தது.'

அப்பாடா என்றிருந்தது கஸ்தூரிக்கு. அதிகாரி படித்துச் சிரித்துவிட்டு, திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சான்றிதழை எழுத உட்கார்ந்தாள்.

ஆராயி மேஜையோரம் நின்று மெதுவாகக் கேட்டாள்:

"இனிமே என் புள்ளைனு எழுதலாமா மேடம்? ஒண்ணும் ஆவாதே?"

"எழுதிட்டேம்மா," என்றாள் கஸ்தூரி.