மத்தியானம் பூட்டுகிற ஊர்

என் தங்கச்சியும் அவள் புருஷனும் ஸ்பெயினில், வலென்சியா நகரத்தில், கொப்பி பேனை விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை. எல்லாரும் கடைக்காரர்தானே என்று பல வருடமாக நினைத்திருந்தேன். போன ஒக்டோபரில் ஐந்து நாள் அவளிடம் போய் நின்ற பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது. கடையைப் பார்க்க ஆளில்லை என்பதால் என் மனுசன் வரவில்லை.

முதல் நாள் மத்தியானம் இரண்டரைக்கு, என் மகள் காலுக்குச் சப்பாத்து வாங்கவென்று கைப்பையை எடுத்தேன்.

"எங்கை அக்கா போறியள்? இப்ப ஒரு கடையும் திறந்திராது. அஞ்சு மணிக்குத்தான் திறப்பினம்," என்றாள் தங்கச்சி.

நம்பாமல் இறங்கிப் போனேன். தெரு நெடுக இரும்புக் கதவுகள் இறக்கியிருந்தன. சப்பாத்துக் கடையின் கதவை இழுத்துக்கூடப் பார்த்தேன். திரும்பி வந்தபோது தங்கச்சியின் புருஷன் மேசையில் சோற்றுக்கோப்பை வைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை, நடுப்பகல், ஒரு கடைக்காரன் வீட்டில்! மீன்குழம்பில் உப்புக் கூட என்று அவர் சொல்ல, அவள் விரலால் தண்ணீரை அவர் முகத்தில் தெளித்தாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு மீன் முள்ளாகவே இறங்கியது.

நானும் என் மனுசனும் ஒன்றாகப் பகல் சாப்பாடு சாப்பிட்டு எத்தனையோ வருடம். ஒருவர் பின்னறையில் அரிசி மூட்டைமேல் இருந்து சாப்பிட, மற்றவர் கல்லாவில் நிற்போம்.

தங்கச்சியோ தன் முழு நாளையும் அந்த நடுப்பகல் பூட்டுக்கு ஏற்றபடி வகுத்து வைத்திருந்தாள். வங்கியும் மீன் சந்தையும் காலையில். தையல்காரியிடம் போவது ஐந்துக்குப் பிறகு. நடுவில் மூன்று மணித்தியாலம் அவளுக்கும் அவருக்கும். நான் ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்துப் புழுங்கினேன். நாலாம் நாள் வாய் தவறியது என்று சொல்லமாட்டேன், வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"இப்பிடி நடுப்பகலிலை பூட்டிப்போட்டுப் படுத்தால் எப்பிடி முன்னேறுறது?"

"நாங்கள் முன்னேறேல்லை எண்டு உங்களுக்கு ஆர் அக்கா சொன்னது?" என்றாள் மெதுவாக. அவர் கேளாதவர்போலக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

லண்டனுக்கு வந்ததும் மனுசனிடம் சொன்னேன்: "செவ்வாயிலை மட்டும் ஒண்டரையிலை இருந்து மூண்டரை வரை பூட்டுவமப்பா."

"உமக்கென்ன விசரே?"

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் சம்மதித்தார். கதவில் அறிவித்தல் ஒட்டினோம். கடைக்கு மேலேதான் வீடு. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, நல்ல கோப்பைகள் எடுத்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், கீழே யாரோ கதவை இழுத்தார்கள். எழும்பி யன்னலுக்குப் போனார்.

"கோயிலுக்குத் தேங்காய் வாங்க வந்திருக்கினம் போலை."

"இருங்கோப்பா. பிறகு வருவினம்."

இருந்தார். ஆனால் காது கீழேதான் கிடந்தது. நான் உப்புப் பற்றிக் கேட்டேன். "நல்லாயிருக்கு," என்றார், கறியைப் பார்க்காமலே. மூன்றாவது செவ்வாய் சாப்பாட்டின் அரைவாசியில் கையைக் கழுவிவிட்டார்.

"ஏலாது. கீழை பூட்டிக் கிடந்தால் எனக்கு மேலை சோறு இறங்குதில்லை. நீர் இருந்து சாப்பிடும்."

அவர் இறங்கிப் போனார். இரும்புக் கதவு மேலே எழும்பும் சத்தம் கேட்டது. அவரில் கோபப்பட எனக்கு முடியவில்லை. முழு ஆத்திரமும் தங்கச்சியின் புருஷனில்தான் வந்தது. அந்த மனிதனுக்கு மட்டும் எப்படிக் கடையை மறந்து சிரிக்க முடிகிறது?

அப்படியே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அங்கே மூன்று மணி, அவர்கள் கடை பூட்டியிருக்கிற நேரம்.

"அண்டைக்குச் சொன்னது பொறாமையிலை சொன்னதடி," என்றேன்.

"தெரியும் அக்கா. அவருக்கும் தெரியும்," என்றாள். பின்னால் அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். "பொரியல் கருகுது. பிறகு எடுக்கிறன்."

மனம் ஆறவில்லை. மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கீழே போனேன். கல்லாவுக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று சாமான்களைப் பையில் போடத் தொடங்கினேன்.