படங்கள் உடனே வந்த நாள்

வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது, அங்கிருந்து வெகு தொலைவில் குண்டசாலையிலிருந்த எங்கள் வீட்டுக் கணினிக்கு பிராட்பேண்ட் இணைப்பு எடுத்தோம். அதுவரை டயல்-அப் இணையம்தான். வன்னிச் செய்திகளின் படங்கள் மேலிருந்து கீழாக மெல்லத் திறக்கும். முதலில் வானம், பிறகு மரங்கள். முகங்கள் தெரியுமுன் அம்மா எழுந்து போய்விடுவார். அவருடைய தங்கை குடும்பம் அங்கே அகப்பட்டிருந்தது.

புதிய இணைப்பு வந்த அன்று செய்திப் பக்கத்தைத் திறந்தேன். காயப்பட்டவர்கள் வரிசையாகக் கிடந்த படம் ஒரு நொடியில் முழுதாக வந்துவிட்டது. பின்னால் நின்ற அம்மா நான் இருந்த கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் அவர் அந்த அறைக்குள் வரவேயில்லை. மாலைகளில் குசினியில் சமைத்தபடியே கேட்பார்:

"படங்களில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ, பிள்ளை?"

"ஒருத்தரும் இல்லையம்மா."

பல நாட்கள் நான் பக்கத்தைத் திறக்காமலேயே அப்படிச் சொன்னேன்.