அலமாரியில் காத்திருந்த கோப்பை

காதுவலியோடு நீந்தி வாங்கிய வெள்ளிப் பதக்கம் ஒன்று. தன்னைவிட மூன்று வகுப்பு மூத்தவனைச் செஸ்ஸில் தோற்கடித்து வாங்கிய கைக்கடிகாரம் ஒன்று. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மற்றவர்கள் குறிப்புச் சீட்டோடு வந்திருந்தார்கள், என் தங்கையிடம் சீட்டு இருந்தாலும் பயனில்லை. இவை எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டதாகப் பள்ளிப் பதிவேட்டில் இருப்பது அவளுடைய கட்டைவிரல் ரேகையும் பக்கத்தில் என் கையெழுத்தும்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். பழைய பள்ளியில் அவளுக்கு ‘மக்கு’ என்று பெயர். இங்கே ‘மீன்’. தன் பெயரை எழுதச் சொன்னால் எழுதுவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் எழுத்து இடம் மாறி உட்கார்ந்துவிடும். “எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள ஒருத்தன் நழுவிடுறாண்ணா” என்பாள்.

இந்தப் பள்ளியில் எழுத்தை முதலில் தாளில் எழுத விடுவதில்லை. முழங்கையை மடக்காமல், தோளிலிருந்து கையை வீசி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே காற்றில் எழுத வேண்டும். அடுத்து மணல் தட்டு. தாள் கடைசியில்தான். அந்தப் பழக்கம் அவளை விடுவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் கையை வீசிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் நிற்கவே வேண்டாத பேருந்து ஒன்று நின்றுவிட்டது.

“ஏறும்மா, சீக்கிரம்” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணா, ‘ழ’ போட்டுட்டு இருந்தேன்.”

“அதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?”

கூர்மையான பென்சில் அவளுக்கு ஆகாது. முனை மழுங்கிய துண்டுகளைத்தான் தேடி எடுப்பாள். நீச்சல் குளத்தில் உடம்பைச் சூடேற்றும்போது தண்ணீருக்கடியிலும் எழுத்துதான். பயிற்சியாளர் விசில் ஊதிக் களைத்துப்போனார். அடுக்குக் கட்டிலில் அவளுக்குக் கீழே படுக்கும் அறைத்தோழி என்னிடம் புகார் சொன்னாள்: “தூக்கத்துலயும் கையத் தூக்குறாண்ணா. ஒருநாள் ஃபேன்ல அடிபடப் போறா.”

இந்த ஆண்டு பள்ளியின் நீச்சல் கோப்பையை வென்றாள். வார்டன் அம்மா வழக்கம்போலப் பதிவேட்டையும் மைப்பெட்டியையும் நீட்டினார். இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம் மேடம். கையெழுத்துப் போட்டே வாங்கிக்கிறேன்.”

“எப்போ?”

“எழுத்து சரியா வந்ததும்.”

விடுமுறைக்குள் எடுத்துச் செல்லாத கோப்பை இரண்டாம் இடத்துக்குப் போய்விடும் என்பது விதி. இரண்டாம் இடம் அந்த அறைத்தோழிதான். கண்ணாடி அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அவள், “எங்க வீட்ல ஆணி அடிச்சு பலகை எல்லாம் மாட்டியாச்சு, மீனு. நீ அவசரப்படாத” என்பாளாம். சொல்லிவிட்டு, மணல் தட்டை இவளுக்காக எடுத்து வைப்பவளும் அவளேதான்.

விடுமுறை விடும் நாளில் அழைத்துவரப் போனேன். கோப்பை இன்னும் அலமாரியில்தான் இருந்தது. மேசையில் பதிவேடு, மைப்பெட்டி. நான் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தேன்.

“அதக் குடு” என்று வாங்கிக்கொண்டாள்.

நேராக நின்று, கையை நீட்டி, தன் பெயரை ஒருமுறை காற்றில் பெரிதாக எழுதினாள். வார்டன் அம்மா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டார். பிறகு பதிவேட்டின் மேல் குனிந்தாள். உதடுகள் அசைந்தன. நடுவில் பேனா ஓரிடத்தில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் கீழ்வரியிலும் கால் நீட்டியிருந்தன. ஆனால் ஒருவர்கூட இடம் மாறவில்லை.

பின்னால் நின்றிருந்த அறைத்தோழி எட்டிப் பார்த்தாள். “என் வரியையும் நீயே எடுத்துக்கிட்டியா? கப்பு போச்சு, பலகையும் வீணாப் போச்சு” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

என் தங்கை மைப்பெட்டியை மூடி வார்டன் அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“தேதிய நீ போடுண்ணா. உனக்கும் ஒரு வேலை வேணும்ல.”

போட்டேன்: 28 மார்ச் 2019, வியாழக்கிழமை.