பத்தாம் பிறைக் கணக்கு

கண்டியில் யானைகளோடு வரும் பெரஹரா ஊர்வலத்தை எந்த நாளில் பார்க்கப் போவது என்பதை நான் தனியாகவே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு நடந்து பழக்கமில்லாதவன் நான். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம்கூட முழுதாக உட்காரவில்லை. ஆனாலும் கெலிஓயாச் சந்தியில் மூன்று கதவுக் கடை வைத்தேன். கோட்டுப் போட்ட கிளாக்கர்மார்கூட என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து யோசனை கேட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் பெரஹராவுக்கு நாள் பார்க்க இன்னொருவனிடம் போவேனா?

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி வத்தேகமைப் பெண். வத்தேகமையிலிருந்து கண்டி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். இருந்தும் பத்தொன்பது வயதுவரை அவள் பெரஹராவைப் பார்த்ததில்லை. அவளுக்கு இழுப்பு இருந்தது. சன நெரிசலும் புகையும் பட்டால் நெஞ்சு சீழ்க்கை அடிக்கும், உதடு கறுத்துவிடும். பெரஹராவில் நெரிசலுக்கும் குறைவில்லை, புகைக்கும் குறைவில்லை. இரும்புக் கூட்டில் கொப்பரையைப் போட்டுக் கொளுத்தி, வீதியின் இரண்டு பக்கமும் பந்தம் பிடித்து வருவார்கள். அவளுடைய உம்மாவின் தங்கச்சி, சாச்சியின் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் போய்வந்து யானைக் கதை சொல்ல, இவள் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். கல்யாணம் முடித்த பிறகு என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அவளுடைய வாப்பாவான மாமாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்தொம்பது வருஷம் காப்பாத்தின உசிரு மகன் அது."

"மாமா, நான் கூட்டிக்கொண்டு போய், மூச்சுக் கொறயாமக் கொண்டுவந்து காட்டுறன்."

"மூச்ச என்ன, கூடையில கட்டியா கொண்டு போறீங்க?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

அதற்குப் பிறகு போகாமல் விடுவேனா?

என் யோசனை இதுதான். பெரஹராவின் முதல் ஐந்து நாளும் கோயிலுக்குள்ளேயே முடிந்துவிடும். அடுத்த ஐந்து நாளைச் சிங்களத்தில் கும்பல் பெரஹரா என்பார்கள். வீதிக்கு வரும், ஆனால் சின்னது. கடைசி ஐந்து நாள் ரந்தோலி. அதற்குத்தான் நாடே திரண்டு வரும். கும்பலின் முதல் நாள் போனால் கூட்டம் இருக்காது, யானையும் இருக்காது. ரந்தோலிக்குப் போனால் யானை இருக்கும், இவளுக்கு மூச்சு இருக்காது. ஆகவே கும்பலின் கடைசி நாள். யானை கொஞ்சம் கூடியிருக்கும், சனம் இன்னும் கூடியிராது. அமாவாசையிலிருந்து எண்ணினால் பத்தாம் நாள். இப்படி யோசிக்க எத்தனை பேரால் முடியும்?

எங்கள் வீட்டில் நாள் என்றால் பிறை நாள்தான். அந்த மாதம் ஆடி மழை மூட்டம். இருபத்தொன்பதாம் நாள் மலைக்கு மேல் பிறை தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி முப்பதைப் பூர்த்தியாக்கி, மறுநாளைத்தான் ஒன்றாம் பிறை என்று எடுத்தோம். அந்தக் கணக்கையே பெரஹராவுக்கும் வைத்து, பத்தாம் பிறையன்று அஸர் தொழுகைக்குப் பிறகு இவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சிங்களப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பேராதனைப் பாலம் தாண்டும்போது மலைக்கு மேல் நிலவு வந்திருந்தது. பத்தாம் பிறைக்கு அவ்வளவு வயிறு இருக்காது. அது ஏறக்குறைய முழு நிலவு. பார்த்தேன், பார்த்ததை வாயில் எடுக்கவில்லை. அப்போதே இறங்கித் திரும்பியிருக்கலாம்.

"இண்டைக்கு ஆக்கள் கொறவு எண்டுதானே செல்லினீங்க?" என்றாள் இவள்.

"இது கொறவுதான் புள்ள. கூடுற நாளப் பாத்தா நீ மயங்கிப் போவாய்."

கண்டித் திருகோணமலை வீதியில் ஒரு கடைத் தூணோரம் இடம் பிடித்தேன். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு வரிசை. பகலே வந்து பாய் விரித்தவர்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலும் அடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற சிங்களக் கிழவர் ஒருவர், நான் கேட்காமலே, ரந்தோலி இரண்டாம் நாளுக்கே இந்தக் கூட்டம் என்றால் கடைசி நாள் எப்படியிருக்கும் என்று என்னிடம் ஆச்சரியப்பட்டார். நான் தலையாட்டினேன். அவர்கள் அமாவாசையைப் பஞ்சாங்கத்தில் பார்த்து நாள் எடுத்திருக்கிறார்கள். நான் வானத்தில் பிறை தெரியக் காத்திருந்து எடுத்திருக்கிறேன். இடையில் இரண்டு நாள் போய்விட்டது.

திரும்பிப் போக வழியில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் வருகிறவர்களின் சாட்டைச் சத்தம் கேட்டது. பந்தங்கள் வந்தன. முதல் யானை வந்தபோது இவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். சந்தோஷத்தில்தான். மூன்றாவது யானை வரும்போதும் பிடித்தாள். அது வேறு பிடி. முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்செடுத்தாள். கொப்பரைப் புகை கூரைத் தாழ்வாரத்தின் கீழ் வந்து தேங்கி நின்றது. பின்னால் போகத் தள்ளினேன். மூட்டை தூக்கி வளர்ந்த தோள் என்னுடையது, ஆனால் அந்தக் கூட்டம் லேசில் அசையவில்லை. இரண்டு எட்டு வைத்ததும் முதுகு ஒரு கடையின் பலகைக் கதவில் முட்டியது.

இருட்டிலும் நெரிசலிலும் கவனிக்காமல் நின்றவன், அப்போதுதான் அது எந்தக் கடை என்று பார்த்தேன். ஆறு வருடம் நான் மூட்டை இறக்கிய கடை. விலகும்போது முதலாளியோடு வாய்த்தர்க்கம். இதே வீதியில் பத்துப் பேர் கேட்க, "நீங்க வந்து கூப்பிட்டாலொழிய இந்தப் படியில கால் வைக்க மாட்டன்" என்று சொல்லி, இனி யாரையும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை என்றும் சத்தியம் பண்ணிப் போனவன் நான். அந்தச் சொல்லைக் காப்பாற்றித்தான் கெலிஓயாவில் கடை போட்டேன்.

கை கதவுவரை போய் நின்றுவிட்டது. இவள் அதைக் கண்டாள்.

"யார்ட கடை... இது?" என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி.

"தெரியாது."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதைத்தான் மறக்க முடியவில்லை. பந்த வெளிச்சத்தில் அவள் உதட்டைப் பார்த்தேன். கறுத்திருந்தது.

தட்டினேன். மேளச் சத்தத்தில் என் காதுக்கே கேட்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளே அசைவில்லை. ஒரு மேளக் கூட்டம் கடந்து அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியில், இனி என் வாயில் வராது என்று நான் சத்தியம் பண்ணிய சொல்லைக் கத்தினேன்.

"முதலாளி! நான்தான் முதலாளி, கதவத் திறங்க!"

ஒரு பலகை விலகியது. முதலாளி அரிக்கன் லாம்பைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"புள்ளய உள்ளுக்கு எடு. பேச்செல்லாம் பொறகு."

பின்பக்கத்து அறையில், கண்டி ஏரிக்காற்று வரும் ஜன்னலோரம் இவளை உட்கார்த்தினார்கள். முதலாளியின் மனைவி இஞ்சி தட்டிப்போட்டுக் கோப்பி கொண்டுவந்து, ஆவியை முதலில் முகர வைத்து, பிறகு குடிக்க வைத்தார். நான் மூலையில் நின்றேன். அந்தச் சீழ்க்கைச் சத்தம் குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். கொஞ்சம் குறையும், மறுபடி ஏறும். முழு ரந்தோலியும் அந்த வீதியில் போய்த் தீராதோ என்று நினைத்தேன். கடைசியில் அவள் தோள் தணிந்தது.

"எந்தப் பைத்தியக்காரன் ஒனக்கு இண்டைக்கு வரச் செல்லின?" என்று கேட்டார் முதலாளி.

"பிறை பாத்து எண்ணினன்."

"அவங்கட பெரஹரா நீ பிறை காணும் மட்டும் நிக்குமா? ரோட்டில போற யாரக் கேட்டாலும் செல்லியிருப்பானே."

நான் குனிந்து, இவள் குடித்து முடித்த கோப்பையை எடுத்தேன்.

மூச்சு வந்ததும் இவள் கேட்ட முதல் கேள்வி, "யானை எல்லாம் போயிட்டா?" முதலாளியின் மனைவி சிரித்து, மேல்மாடிக்குக் கூட்டிப் போனார். வீதிப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல்களைப் புகைக்காக இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கடைசி யானைவரை பார்த்தாள். நான் யானையைப் பார்க்கவில்லை. அவள் மூச்சுக் கண்ணாடியில் பனி மாதிரிப் படிவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்து முதல் பஸ்ஸில் திரும்பினோம். பேராதனைப் பாலத்தில் வைத்து அவள் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நாள நான் கேட்டுச் செல்லுறன். நீங்க கதவத் தட்டினாப் போதும்."

அப்படியே செய்தோம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணிடம் அவள் கேட்டுவந்த நாளில், பொழுது சாய முன்னரே போய்ச் சேர்ந்தோம். கதவை நான் தட்டினேன். ஒரு தட்டிலேயே திறந்தது.