அரக்கு கலரில் ஒரு எம்போஸ்

என் சமையலறையில் தாளிப்புக் கரண்டி ஒன்று செத்துப்போய்க் கிடக்கிறது. கடுகு தாளித்துச் சாகவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடிச் செத்தது!

போன மாதம் இதே பக்கத்தில், ‘கடையில் வாங்கிக் கொடுப்பதெல்லாம் ஒரு பரிசா? கையால் செய்து கொடுங்கள், அதற்கு விலையே கிடையாது’ என்று முழங்கியிருந்தேன். நீங்களும் ஆஹா ஓஹோ என்று பாராட்டினீர்கள். பத்தி எழுதுவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு – வீட்டில் இருப்பவர்களும் படித்துவிடுவார்கள்.

“அப்போ இந்தக் கிறிஸ்மசுக்கு நீங்களே செய்ங்க அத்தை” என்றாள் ஜெனி.

ஜெனி என் மருமகள். அரக்கோணத்துப் பெண். என் மகனும் அவளும் விரும்பி, ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ்.

அவளுடைய அம்மா எஸ்தர், ரிட்டயர்டு நர்ஸ். கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் போன் செய்தால், “ம்... இருக்கேன்... ஜெனிகிட்ட குடுங்க.” அவ்வளவுதான். வாய் நிறைய ‘சம்பந்தி’ என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. பண்டிகை நாளில் ஜெனி அம்மா துணை இல்லாமல் சர்ச்சுக்குக் கிளம்பினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எப்படியாவது அந்த அம்மாவை வரவழைத்தாக வேண்டும்.

யூட்யூபைத் தோண்டினேன். எம்போஸிங் எனாமல் என்று ஒரு சமாச்சாரம் கிடைத்தது. ரவை மாதிரி கரகரவென்று ஒரு பவுடர். சூடு காட்டினால் பாகாக உருகும். ஆறுவதற்குள் ரப்பர் ஸ்டாம்பை அழுத்தினால் அச்சு அப்படியே பதியும். செயினில் கோத்தால் டாலர், காதில் மாட்டினால் கம்மல், நூலில் கட்டினால் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம். வீடியோவில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே செய்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? செய்யப்போவது நான்தானே!

வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன். “எனாமல் வாங்கிக்கினு வாங்க.” ஹார்டுவேர் கடையிலிருந்து பெயிண்ட் டப்பாவோடு திரும்பினார்.

“கேட்டுக்கு அடிக்கிறதா, ஜன்னலுக்கு அடிக்கிறதா?”

அவர் தறிக்காரர். கூடத்தில் உட்கார்ந்து பட்டு நெய்கிற மனிதரிடம் இதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

உருக்குவதற்குத் தனியாக ஒரு சட்டி விற்கிறார்களாம். தாளிப்புக் கரண்டி இருக்கும்போது அது எதற்கு? முதல் ஈடு கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஈட்டில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டது. ஸ்டாம்பில் முதலிலேயே மை தடவ வேண்டுமாம் – அந்தப் புண்ணியவதி அதைக் கடைசியில் சொல்கிறாள். மரத்தில் தொங்கவிட உருண்டை அச்சு இல்லாததால், அலுமினியக் கொழுக்கட்டை அச்சில் ஊற்றினேன். பச்சையும் சிவப்புமாகப் பளபளவென்று மோதகங்கள் தொங்கின.

“இந்த வருஷம் பிள்ளையாரும் கிறிஸ்மசுக்கு வந்துட்டாருமா” என்றார் வீட்டுக்காரர்.

ஆனால் ஒரு டாலர் மட்டும்... அடடா! அரக்கு நிறத்தில், உள்ளே ஜரிகைத் துணுக்குகள் மின்ன, நடுவில் ஒரு நட்சத்திரம். அரக்கு எனக்குப் பிடித்த நிறம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நச்சரித்து, கடைசியில் எனக்கென்று அவர் நெய்து கொடுத்த பட்டும் அரக்குதான். தீபாவளிக்கு என்று ஆரம்பித்து, கார்த்திகை தீபம் தாண்டித்தான் தறியிலிருந்து இறங்கியது. பொங்கலுக்குக் கட்டலாம் என்று மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருந்தேன்.

டாலர் தேறிய தெம்பில் அரக்கோணத்துக்குப் போன் போட்டேன்.

“கிறிஸ்மசுக்கு நீங்க கண்டிப்பா வரணும். உங்களுக்குன்னே ஒரு எம்போஸ் செஞ்சி வெச்சிருக்கேன்.”

“எம்போஸா... வீட்டுலயேவா?”

“வீட்டுலயேதான். எல்லாம் சொந்தக் கைவேலை!”

“என்னா கலரு?”

“அரக்கு.”

“ஜரிகை ரொம்ப இருக்குதா?”

“லேசாதான். அங்கங்க மின்னும்.”

“சரிம்மா... காலையிலயே வந்துடறேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கையால் செய்த பொருளுக்கு எவ்வளவு சக்தி பார்த்தீர்களா? ஜரிகை விஷயத்தை ஜெனி முன்பே சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் காலை. அந்த அம்மா வந்தார். மரத்தைப் பார்த்தார். “இது இன்னா, கொழுக்கட்டையா?” என்று கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். காபி குடித்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு ரவிக்கையை வெளியே எடுத்தார். புத்தம் புது ரவிக்கை. அரக்கு நிறம்.

“ஜாக்கெட்டு தெச்சே எடுத்தாந்துட்டேம்மா. சேலையைக் குடுத்தீங்கன்னா கட்டிக்கினு ஜெனியோட சர்ச்சுக்குக் கெளம்பிடுவேன்.”

சேலையா?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். காஞ்சிபுரத்தில் எம்போஸ் என்றால் பவுடர் இல்லை, ஸ்டாம்ப் இல்லை. அது ஒரு பட்டுச் சேலை. உடல் முழுக்க அதே நிறத்தில் பூவேலை எழும்பித் தெரியும். தறிக்காரர் பெண்டாட்டி ‘வீட்டிலேயே எம்போஸ் செய்திருக்கிறேன்’ என்று சொன்னால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? கூடத்தில் நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. எனாமல் புகை மூளைக்கு ஏறியிருக்க வேண்டும்.

என் முதுகுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவு டப்பாவில், டாலர். ஜெனி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா ரவிக்கையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷி கூனிக்குறுகிப் போவார்; மறுபடி இந்த வாசலை மிதிக்கவே மாட்டார்.

வீட்டுக்காரர்தான் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். “பீரோ சாவி ஆணியிலதான் மாட்டியிருக்குது.”

துரோகி!

என் பொங்கல் சேலை மடிப்புக் கலைந்தது. அதுவும் எம்போஸ்தான், அதுவும் அரக்குதான். ரவிக்கை என்னமாய்ப் பொருந்தியது தெரியுமா? “இதுவும் உங்களுக்குத்தான்” என்று டாலரையும் கழுத்தில் மாட்டிவிட்டேன். இலவச இணைப்பு மாதிரி. அம்மாவும் மகளும் கைகோத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனார்கள்.

திரும்பி வந்ததும் ஜெனி ஓடிவந்தாள். “அத்தை, அம்மாவோட டாலர் எங்க வாங்குனதுன்னு சர்ச்சுல எல்லாரும் கேட்டாங்க!”

“எங்க சம்பந்தி கையால செஞ்சதுன்னு சொன்னேன்” என்றார் எஸ்தர். “இதுக்கு மேட்சா ஒரு கம்மல் செஞ்சி குடுங்க சம்பந்தி. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கினு போறேன்.”

சம்பந்தி! அதுவும் இரண்டு தடவை! அடுத்த நிமிஷமே கம்மலுக்குப் பவுடர் ஆர்டர் போட்டேன். நிஜமாகவே.

சேலையைப் பற்றி சர்ச்சில் ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையை யார் கேட்கப்போகிறார்கள்?

நானும் திருப்பிக் கேட்க முடியாது!